மும்பைக் கடலில் மீன் கத்தும் நேரத்தைப் பதிவு செய்வது எப்படி

கடலில் மைக் இறக்கிப் பதிவு செய்தேன் என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் பாதிப் பேருடைய ஃபைலில் மீனே இருக்காது. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி நிற்காத ஒரு படபடப்புதான் இருக்கும். அது சொடக்கு இறால். ஒற்றைப் பெரிய கொடுக்கை அது படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது. அந்தக் குமிழி உடைவதுதான் நமக்குக் கேட்கிறது, கொடுக்கு மோதுவது அல்ல என்று 2000ஆம் ஆண்டில் அதிவேகக் கேமரா வைத்துக் காட்டினார்கள். மீனின் குரல் இந்தப் படபடப்புக்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பேசும். அங்கே காது போகவேண்டுமானால் கருவியும் அங்கே போகவேண்டும், நாமும் சரியான நேரத்தில் தண்ணீர்மேல் இருக்கவேண்டும்.

நான் மாட்டுங்காவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கச்சேரி, கல்யாணம், விநாயகர் சதுர்த்தி மண்டபம் என்று மைக் போடுவதுதான் பிழைப்பு. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துத் தாத்தா கத்தாழை மீன் கூட்டம் பார்ப்பார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலேசியாவில் திரங்கானு பக்கம் இதற்கென்றே ஆள் தண்ணீருக்குள் இறங்கித் தலையை மூழ்கடித்துக் கேட்கும் வழக்கம் உண்டு. அதே வேலையை ஒரு நாள் முழுவதும், மணிக்கு மணி, எழுத்தில் வைத்துச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு டோமா வாங்குங்கள்

கருவி செய்வதற்கு முன்னால் மீனின் வாத்தியத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. சயான் கோலிவாடா மார்க்கெட்டில் டோமா என்று கேட்டால் சின்னக் கத்தாழை கிடைக்கும். கூடையில் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டித்தரச் சொல்லாமல் முழுசாகக் கொண்டுவாருங்கள். வயிற்றை நீளவாக்கில் மெல்லக் கீறி, குடலை எடுத்ததும் முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாகப் பளபளக்கும் ஒரு பை தெரியும். தலைப் பக்கம் அகன்று வால் பக்கம் கூம்பும். அது காற்றுப்பை. இப்போது வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். சுற்றிலும் சதை வெளுப்பாக இருக்க, பையை ஒட்டிய இடத்தில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு தசைப்பட்டை ஓடும். கத்தாழையின் தொண்டை அதுதான். அந்தத் தசை ஒருமுறை இழுத்தால் பை ஒருமுறை அதிரும். நமக்கு ஒரு ‘டுக்’ கேட்கும். தொடர்ந்து இழுத்தால் ‘டுக்டுக்டுக்’ என்று வரிசை. கத்தாழை வகைகள் பலவற்றில் இந்தப் பட்டை ஆணுக்கு மட்டும்தான், சிலவற்றில் இரண்டுக்கும் உண்டு. முட்டை வைத்த மீனைக் கீறிவிட்டு ஒன்றும் காணோம் என்று நிறுத்திவிடாமல் அடுத்ததைக் கீறுங்கள்.

இதே குடும்பத்துப் பெரிய மீன்தான் இங்கே கோல் என்றும் ராமநாதபுரம் பக்கம் கூறல் என்றும் விலைபோவது. 2021இல் பால்கர் மாவட்டம் முர்பே கிராமத்துப் படகு ஒன்றில் 157 கோல் மாட்டி 1.33 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அந்த விலை சதைக்கு அல்ல, காற்றுப்பைக்கு. வெளிநாட்டுக்குப் போகிற அந்தப் பைதான் அந்த மீனின் குரல் என்பதை ஏலத்தில் நிற்கிற எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லா மீனுக்கும் இதே வாத்தியம் இல்லை. கெளுத்தி தன் பக்கத் துடுப்பு முள்ளை அதன் குழியில் உரசி ‘க்ரீக்’ என்னும். கையில் பிடித்தாலே கேட்கலாம். கொறுக்கை தொண்டைப் பற்களை அரைக்கும். கீச்சானுக்கு மண்டையோட்டிலிருந்து காற்றுப்பைக்கு வரும் தனித் தசை. கார்னெல் பல்கலைக்கழகத்து ஏரன் ரைஸும் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, எலும்புமீன்களில் சத்தம் போடும் திறமை சுமார் 33 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அதனால் கேட்கும் சத்தத்தை எல்லாம் கத்தாழைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

மைக்

கிரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் 35 மி.மீ. பீசோ தகடு (அதிர்ந்தால் மின்சாரம் கிளப்பும் வட்டத் தகடு) என்று கேளுங்கள். விலை அற்பம், நாலு வாங்குங்கள், ஒன்றிரண்டு சூட்டில் போய்விடும். ஷீல்டு போட்ட ஒற்றைக் கம்பி மைக் கேபிள் 15 மீட்டர். நடுக்கம்பியை வெள்ளைப் பீங்கான் பகுதியிலும், ஷீல்டைப் பித்தளை விளிம்பிலும் பற்றவைக்க வேண்டும். பீங்கான் பக்கம் சோல்டரிங் அயர்னைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். சூடு தங்கினால் தகடு செவிடாகிவிடும். பிறகு பிளாஸ்டிக் மூடி ஒன்றில் தகட்டை வைத்து, இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸியை மெல்ல ஊற்றி மூடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. தண்ணீரிலிருந்து வரும் சத்தம் காற்றில் மோதினால் பெரும்பகுதி திரும்பிவிடும். ஒரு நாள் காயவிட்டு, இரவு முழுக்க உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவைத்து, காலையில் மல்டிமீட்டர் வையுங்கள். இரண்டு முனைக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அடுத்த தகட்டை எடுங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்த வேலையின் உயிர். பீசோ தகட்டை நேராக ரெக்கார்டரின் சாதாரண மைக் ஓட்டையில் செருகினால் கீழ்ச்சுருதி முழுக்க அடிபட்டுப்போகும். 35 மி.மீ. தகட்டின் கொள்திறன் சுமார் 20 நானோஃபாரட் என்று வையுங்கள். மைக் ஓட்டையின் மின்தடை ஏறக்குறைய 2 கிலோ ஓம். கணக்குப் போட்டால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகிறது. மீன் இருப்பது அதற்கும் வெகு கீழே. இறால் மட்டும் கணீரென்று கேட்பதற்குக் காரணம் இதுதான், கடலில் மீன் இல்லாதது அல்ல. அதே தகட்டை 1 மெகா ஓம் உள்ள ஓட்டையில் செருகினால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டார் செருகும் ஓட்டை அப்படிப்பட்டதுதான். கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் 9 வோல்ட் பேட்டரி ப்ரீஆம்ப் (சிக்னலை ஏற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் போட்டாலும் போதும். கடலில் கரண்ட் வயரிலிருந்து தள்ளி, பேட்டரியிலேயே எல்லாம் ஓடட்டும். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங்கும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கத்தாழை பேசும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செல்போனில் பதியாதீர்கள். சத்தம் குறைந்தால் போன் தானாக ஏற்றும், கூடினால் தானாக இறக்கும். அப்புறம் சாயங்காலத்தையும் நடுராத்திரியையும் எதை வைத்து ஒப்பிடுவது? ஆட்டோ கெய்ன் இல்லாத ரெக்கார்டர், வேவ் ஃபைல், நொடிக்கு 44,100 சாம்பிள். ஒரு நல்ல சாயங்காலத்தில் கெய்ன் குமிழை ஒரு இடத்தில் வைத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது.

இடமும் படகும்

ஜெட்டி ஓரத்தில் முட்டளவுத் தண்ணீரில் இறக்கிப் பயனில்லை. ஆழம் குறைந்தால் தாழ்ந்த சத்தம் பரவாது. 1 மீட்டர் தண்ணீரில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது பக்கத்திலேயே செத்துவிடும், சேற்றுத் தரை என்றால் இன்னும் மோசம். 8, 10 மீட்டர் ஆழம் வேண்டும். அதற்குப் படகு வேண்டும். வெர்சோவா, மட், மனோரி, கோராய் கோலிவாடாக்களில் (மீனவர் குடியிருப்புகளில்) நன்றாகப் பழகினால் கூட்டிப்போவார்கள். சசூன் டாக், பாவுச்சா தக்கா, கப்பல் கால்வாய், கடற்படை எல்லைப் பக்கம் இந்தக் கருவியோடு போகவே கூடாது. தண்ணீருக்குள் கம்பி இறக்கிக் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கடலோரக் காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவிட்டு, படகுக்காரரின் காகிதமும் உங்கள் ஆதாரும் கையில் வைத்திருங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

எங்களைக் கூட்டிப்போகிற பெரியவரை நான் காகா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். கருவியே இல்லாமல் கேட்கவும் அவர்தான் காட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகின் அடித்தளத்துப் பலகையில் காதை அழுத்திப் படுத்தார். மரம் தண்ணீரோடு சேர்ந்து அதிரும். கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ ஊரின் படகுவீடுகளில் குடியிருந்தவர்களைத் தூங்கவிடாமல் செய்த மிட்ஷிப்மேன் மீனின் ரீங்காரம் ஏறியதும் இதே வழியில்தான். முதல் தடவை என் ஹெட்போனைக் காகா காதில் வைத்தபோது அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணா, இது கோல் இல்லை, டோமா. கோல் இன்னும் கனமாகப் பேசும்” என்றார். நோட்டில் முதலில் எழுதவேண்டியது இப்படிப்பட்ட சொல்தான். அதே ராத்திரி அதே இடத்தில் வலையில் ஏறியது என்ன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கையில் பிடித்த மீன் கத்துவது பயத்தில். இணை தேடிக் கூப்பிடுவது வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடாது.

மைக்கை இறக்கும்போது பாரம் கேபிளில் விழக்கூடாது. நைலான் கயிற்றின் நுனியில் வலைக்காரர்களின் ஈயக்குண்டு, அதற்கு ஒரு மீட்டர் மேலே ரப்பர் பட்டையில் மைக். படகின் ஆட்டம் மைக்குக்கு வராமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். எஞ்சினை அணைத்து, நங்கூரச் சங்கிலி இழுபடாமல் பார்த்து, பேச்சை நிறுத்தி, 5 நிமிஷம் பதியுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, மணி, இடம், ஆழத்தை வாயால் சொல்லிவிடுங்கள். ஃபைல் பெயர் மாறிப்போனாலும் குரல் மாறாது.

எந்த நேரம்

சாயங்காலம்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதை உங்கள் இடத்தில் நீங்களே காட்டவேண்டும்.

உலகம் முழுக்கக் கத்தாழைக் குடும்பத்துச் சத்தம் சூரியன் மறைவதை ஒட்டி ஒன்றிரண்டாக ஆரம்பித்து, இருட்டிய பிறகு சில மணி நேரத்துக்குக் கூடி, நடுராத்திரியை நோக்கித் தளரும். முதலில் தனித்தனி அழைப்பு, எண்ணிவிடலாம். பிறகு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஒரே முழக்கமாகும். அந்தக் கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு அளவை எடுங்கள். ஆஸ்திரேலியாவில் போர்ட் ஹெட்லண்ட் கடலில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தார் 18 மாதம் கருவியை வைத்துக் கேட்டபோது ஏழு வெவ்வேறு கூட்டுமுழக்கங்கள் பிரிந்து தெரிந்தன. பெரும்பாலானவை விடியலையும் அந்தியையும் சுற்றி. அந்த ஏழில் ஒன்று நம்முடைய கோல் மீனே. அங்கே அதற்கு வேறு பெயர், குரல் அதே கனமான குரல். நம் மேற்குக் கரையில் கோவாவில் கீச்சான் இனத்தின் மாலை முழக்கத்தைத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் பதிந்திருக்கிறார்கள்.

ஏன் அந்தி? கத்தாழைகள் பலவும் முட்டை விடுவது அந்த நேரத்தில். வெளிச்சம் போனபின் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் குரலை விட்டால் வழி இல்லை. கண்ணால் பார்த்து முட்டையைத் தின்னும் மீன்களின் கைவரிசையும் குறையும். உடம்புக்குள்ளும் கடிகாரம் ஓடுகிறது. மிட்ஷிப்மேன் மீனைத் தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் ரீங்காரம் அடங்கிவிடுகிறது. இரவில் ஊறும் மெலட்டோனின் போன்ற மருந்தைக் கொடுத்தால் வெளிச்சத்திலும் திரும்பிவிடுகிறது என்று 2016இல் ஃபெங்கும் பாஸும் காட்டினார்கள். கேட்கிற காது மீனுக்கு மட்டும் இல்லை என்பதும் உண்டு. அமெரிக்கக் கரையில் சில்வர் பெர்ச் என்னும் கத்தாழை, ஓங்கிலின் (டால்பின்) சீட்டி கேட்டதும் குரலை அடக்கிக்கொள்கிறது. மும்பைக் கடலிலும் ஓங்கில் உண்டு, அதனால் திடீரென்று ஒரு பதிவு மௌனமாக வந்தால் அதை அழிக்காமல் வையுங்கள்.

அதனால் நோட்டில் மணியைவிட சூரியன் மறைந்து எத்தனை நிமிஷம் என்பதுதான் முக்கியம். மும்பையில் நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கே மறைகிறது, ஜூன் கடைசியில் ஏழே காலைத் தாண்டுகிறது. மணியை மட்டும் எழுதினால் ஒரே நேரத்தில் கத்துகிற மீன் மாதத்துக்கு மாதம் நேரம் மாற்றுவதாகத் தோன்றும்.

ஏற்றமா, சூரியனா, நிலாவா

இங்கேதான் மும்பைக் கடல் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஏற்ற இறக்கம் (காகா பர்த்தி, ஓஹோட்டி என்பார்) நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும். சூரியன் மறையும்போது தண்ணீர் வற்றி நிற்கும். அஷ்டமியை ஒட்டி அதற்கு நேர் எதிர், அந்தியில் நிறைந்து நிற்கும். இரண்டிலும் அந்தி நேரத்தில் நீரோட்டம் ஏறக்குறைய நின்றிருப்பதால் கேபிளில் தண்ணீர் உரசும் இரைச்சலும் குறைவு.

ஆகவே ஒரே இடத்தில் மூன்று ராத்திரிகளைத் தேர்ந்தெடுங்கள்: பௌர்ணமி, அதற்கு அடுத்த தேய்பிறை அஷ்டமி, அதற்கு அடுத்த அமாவாசை. தேய்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். சாயங்காலம் அமாவாசை மாதிரியே இருட்டு, ஆனால் ஏற்றம் எதிர். அந்த இரண்டிலும் முழக்கம் சூரியன் மறைந்து அதே நிமிஷத்தில் ஆரம்பித்தால் அதை ஓட்டுவது சூரியன். ஆரம்பம் தள்ளிப்போனால் தண்ணீருக்கும் பங்கு இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் ஒன்றே, வெளிச்சம் வேறு. அந்த ஒப்பீடு நிலாவின் பங்கைக் காட்டும். ஒரு பட்சத்தோடு முடிவுக்கு வராமல் அடுத்த மாதமும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் காற்று, போகிற படகு, தண்ணீரின் சூடு எல்லாம் குறுக்கே வரும். தண்ணீர் சூடானால் தசை வேகமாக இழுக்கும், ‘டுக்டுக்’ இடைவெளி நெருங்கும். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி அளந்து எழுதுங்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி, மூன்று மணி நேரம் பின்னால் வரை 20 நிமிஷத்துக்கு ஒரு பதிவு. மற்ற நேரத்தில் மணிக்கு ஒன்று போதும். பகல் பதிவை வீண் என்று விட்டுவிடாதீர்கள், ஒப்பிட அது வேண்டும். கப்பல், படகு எஞ்சின்களின் உறுமல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். மீன் பேசும் அதே இடம். பகலில் அது எவ்வளவு, அந்தியில் எவ்வளவு என்று கையில் இல்லாவிட்டால் மீன் அடங்கியதா, மூழ்கடிக்கப்பட்டதா என்று சொல்ல முடியாது. இதற்காகவே இந்தப் பதிவுகளை நிறையப் பேர் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கரையோரம் இவ்வளவு வேலை நடக்கிற ஊரில் கடல் இன்று எப்படி ஒலிக்கிறது என்று ஆளுக்கொரு நோட்டாவது இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின்

ஆடாசிட்டி என்னும் ஒலி மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்தச் சுருதி எந்த நேரத்தில் என்று காட்டும் படம்) பார்வைக்கு மாற்றி, மேல் எல்லையை 2000 ஹெர்ட்ஸ், விண்டோ அளவை 4096 என்று வையுங்கள். தனித்தனி ‘டுக்’ பிரித்துப் பார்க்க 1024க்கு இறக்குங்கள். பிறகு 80க்குக் கீழேயும் 1500க்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். என் அக்கா மகன் லேப்டாப்பில் இந்த வெட்டை முதலில் செய்துவிட்டு, “மாமா, இறாலை எடுத்துட்டேன், இப்ப கேளுங்க” என்று ஹெட்போனை நீட்டியபோது அந்தப் படபடப்புக்குக் கீழே அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்த கூட்டம் முழுசாக எழுந்து வந்தது. வெட்டிய பின் அனலைஸ் மெனுவில் ஆர்எம்எஸ் (பதிவின் சராசரிச் சத்தம்) அளவை எடுத்து, எக்செல்லில் ஒரு பத்தியில் சூரியன் மறைந்தபின் எத்தனை நிமிஷம், அடுத்த பத்தியில் அந்த அளவு. படகு கடந்த பதிவுகளை அழிக்காமல் குறி மட்டும் போடுங்கள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எந்திரப் படகுகளுக்குத் தடை, கடலும் கொந்தளிப்பு. அந்த மாதங்களில் தொட்டியில் பழகுங்கள். வண்ணமீன் கடைகளில் குரோக்கிங் கௌராமி வருகிறதா என்று கேட்டுவையுங்கள். துடுப்பின் நரம்பைச் சுண்டி அது எழுப்பும் சத்தம் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் சின்னத் தொட்டியிலும் தெளிவாகப் பிடிபடும். ஏர் பம்ப்பையும் ஃபில்டரையும் பதிகிற 5 நிமிஷம் மட்டும் நிறுத்திவிட்டு, முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.